நெயில்பாலிஷ் கோடு

ஒரு குவாட்டரை நான்கு நாள் வைத்துக் குடிக்கிற மனிதரை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் என் சகலை. அவர் கட்டியது அக்காவை, நான் கட்டியது தங்கையை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரே குப்பம், ஒரே தெரு, நடுவில் ஓலை வேலி ஒன்று. அந்தப் பக்கம் ஒரு பாட்டில் நான்கு நாள் இருக்கும். இந்தப் பக்கம் மூடியைத் திறந்து வைத்த நேரம்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தை என் வீட்டுக்காரி இருபது வருஷம் வேலி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவரிடம் ஒரு கிளாஸ் இருந்தது. யாரோ டீக்கடையை மூடியபோது கொடுத்துவிட்டுப் போன சின்னக் கண்ணாடி கிளாஸ். அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் அவருடைய மகள் நெயில்பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். கோடு அழிந்தால் மறுபடி போடுவாள். கல்யாணமாகி அனுப்பம்பட்டுக்குப் போன பிறகும், வருகிற போதெல்லாம் "நைனா, கிளாஸ எடு" என்று கேட்டு வாங்கி, கோட்டைப் புதுப்பித்துவிட்டுத்தான் போவாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்காருவார். கோடு வரைக்கும் ஊற்றுவார். மேலே தண்ணீர் சேர்த்துக்கொள்வார். பக்கத்தில் வறுத்த இறால் கொஞ்சம். ஏரியைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு கிளாஸை முக்கால் மணி நேரம் குடிப்பார். முடிந்ததும் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ச் சோறு சாப்பிடுவார். பாட்டிலில் மிச்சம் இருப்பது அவருக்கு ஞாபகத்தில்கூட இருக்காது. எனக்கோ வேலிக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும்போதும் அந்தப் பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்.

"போதும்னா போதும்" என்பார். அதுதான் அவருடைய வாக்கு. குழம்பு ஊற்றும்போது, சீட்டாட்டத்தில், பஞ்சாயத்தில் பேசும்போது, எல்லாவற்றுக்கும் அதே வாக்கு. பஞ்சாயத்தில் மற்றவர்கள் துண்டை உதறி உதறிக் கத்துவார்கள். அவர் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவார். அந்த இரண்டு வார்த்தைதான் கடைசியில் தீர்ப்பாகும். சிரிப்புகூட அளவுதான். குப்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாலும் அவர் மீசை மட்டும் கொஞ்சம் அசையும்.

அவர் மகள் கல்யாணத்தன்று நான் என்ன செய்தேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பந்தல் காலைக் கட்டிப்பிடித்து ஆடினேனாம், பந்தலின் ஒரு மூலை சாய்ந்ததாம், கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனில் ஏறிப் படுத்து, அனுப்பம்பட்டு வரைக்கும் போய்விட்டேனாம். பெண்ணைப் பெற்ற அவர் அன்றைக்கும் கோடு வரைக்கும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, கடைசிப் பந்தி வரைக்கும் நின்று பரிமாறினாராம். மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் முன்னால் மோர்ச் செம்பை நங்கென்று வைத்துவிட்டு என் வீட்டுக்காரி சொன்னாள்: "எங்க அக்கா குடுத்து வெச்சவ."

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குடிக்காதவனோடு ஒப்பிட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. குடிக்காதவன் வேறு ஜாதி என்று விட்டுவிடலாம். இவரும் குடிக்கிறார், அதே கடையில் வாங்குகிறார், ஆனால் நல்ல பெயரும் வாங்குகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. ஒருநாள் அவர் மகளிடமே நெயில்பாலிஷ் வாங்கி என் கிளாஸில் ஒரு கோடு போட்டேன். முதல் சாயங்காலம் கோடு வரைக்கும் ஒரு தடவை ஊற்றினேன். பிறகு, கோடு வரைக்கும்தானே என்று இன்னொரு தடவை. அப்புறம் அதே கோடு வரைக்கும் எத்தனை தடவை என்பது கிளாஸுக்கே தெரியாது.

இன்னொரு தடவை அவரையே சோதித்துப் பார்த்தேன். எளாவூர்ப் பக்கம் ஒருவரிடம் சொல்லி வைத்து மிலிட்டரி சரக்கு ஒன்று வாங்கி வந்து, அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் அவர் கிளாஸில் முக்கால் வரைக்கும் ஊற்றி வைத்தேன். திரும்பி வந்தவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிளாஸைச் சாய்த்து, கோடு தெரிகிற வரைக்கும், ஒரு சொட்டு சிந்தாமல் பாட்டிலிலேயே திரும்ப ஊற்றினார். மீசை கொஞ்சம் அசைந்தது. எனக்கு அவரைப் படகோடு சேர்த்து ஏரியில் தள்ள வேண்டும் போல இருந்தது.

அப்படிப்பட்ட மனிதருக்கு வலிப்பு வந்தது. படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கை கால் வெட்டி இழுத்தது. யாரோ ஓடிப்போய் இரும்புச் சாவி கொண்டுவந்து கையில் திணித்தார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முன்னொரு காலத்தில் தலையில் பட்ட அடி என்றார்கள். வாலிபத்தில் படகு தள்ளும் கோல் அடித்து அவர் ஒருநாள் முழுக்க நினைவில்லாமல் கிடந்தது உண்மைதான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை எழுதினார் டாக்டர். குடிப்பீர்களா என்று கேட்டார். "அளவா" என்றார் இவர். அளவாகவும் வேண்டாம், மாத்திரையும் குடியும் ஒன்றாகச் சேரக் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒரு மாதம் அவர் கிளாஸைத் தொடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "சகல, வா" என்று கூப்பிட்டார். போனேன். கிளாஸில் கோடு வரைக்கும் ஊற்றி வைத்திருந்தது. மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். இன்றைக்கு மாத்திரைக்குப் பாடு இல்லை என்றார்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்துப் பக்கம் இறால் வருகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை போட்டால் வெட்டுக் குத்தில்தான் முடியும். அதனால் சீட்டு எடுத்து, இன்றைக்கு இந்தக் கூட்டத்துக்குப் பாடு, நாளைக்கு அந்தக் கூட்டத்துக்குப் பாடு என்று எங்கள் பாட்டன்மார் காலத்திலேயே பிரித்துவிட்டார்கள். பாடு இல்லாத நாளில் அங்கே இறால் துள்ளினாலும் ஒருவனும் வலையை இறக்க மாட்டான். அந்தச் சீட்டை ஊர் நம்பி ஒப்படைத்திருந்ததும் அவரிடம்தான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே எடம் வோணும்னா நாம இன்னா பண்றோம்? ஆளுக்கு ஒரு நாளு," என்றார். "டாக்டரு ரெண்டும் சேரக் கூடாதுன்னாரு. நான் சேக்கவே இல்லியே. இன்னிக்கு கிளாஸுக்குப் பாடு. நாளைக்கு மாத்திரைக்குப் பாடு. பேஜாரே இல்ல."

எங்கள் ஊர் ஆள் யாரிடம் இதைச் சொல்லியிருந்தாலும் சரிதானே என்றிருப்பான். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு வயிறும் எரிந்தது. நோயைக்கூட இந்த மனிதர் வரிசையில் நிற்க வைத்துவிட்டாரே என்று இருந்தது. மாத்திரை நாளில் மாரியம்மன் திருவிழா வந்தது, அவர் சொட்டுக்கூடத் தொடவில்லை. இப்போது ஒரு குவாட்டர் அவருக்கு எட்டு நாள் வந்தது. அவர் வீட்டுக்காரி, அதாவது அண்ணிக்கு, இந்த ஏற்பாட்டில் பாதிதான் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கிறார் என்று தெரியும், குடிக்கிற நாளில் மாத்திரையை விடுகிறார் என்பது தெரியாது. மாத்திரையை அவரேதான் எடுத்துப் போட்டுக்கொள்வார். முழுசும் தெரிந்தது எனக்கு மட்டும்தான். வலிப்பும் அப்புறம் வரவில்லை. என் வீட்டுக்காரி அக்காவின் அதிர்ஷ்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பெருமூச்சு விட்டாள்.

மூன்று மாதம் போயிருக்கும். வலைக்கயிறு வாங்கப் பொன்னேரிக்குப் புறப்பட்ட என்னிடம் அவர் தன் மருந்துச் சீட்டைக் கொடுத்து மாத்திரை வாங்கி வரச் சொன்னார். மருந்துக்கடையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். சீட்டின் பின்னால் போன தடவை வாங்கிய தேதியைப் பார்த்தார். இது ஒரு மாதத்து மாத்திரைதானே, வாங்கிப் போய் இரண்டு மாதம் ஆகிறதே, விட்டு விட்டுப் போடுகிறாரா என்று கேட்டார். நான் வாங்கிய கயிற்றைத் தோள் மாற்றிப் போட்டேன். குடிக்கிறாரா என்று கேட்டார். அளவாக, என்றேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அளவெல்லாம் அப்புறம். இந்த மாத்திரைய ஒரு வேளைகூட விடக் கூடாது. விட்டா வலிப்பு திரும்ப வரும். அதோட குடி வேற. இந்த ஆளு தண்ணியில எறங்குறவரா?"

ஆமாம் என்றேன்.

"அப்போ இன்னிக்கே போய் சொல்லிடுங்க. மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது முழுக்க அதே ஞாபகம்தான். வீட்டுக்குள் நுழைந்தேன். ஓரத்தில் பாட்டில் உடைந்து கிடந்தது. முந்தின நாள் நான் உடைத்தது. என் வீட்டுக்காரி கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, அக்கா வீட்டு மாமாவுக்கு நோய் வந்தும் எவ்வளவு ஒழுங்கு, நீயும்தான் கீற, என்றாள். நான் மாத்திரையைக் கொண்டுபோய் வேலிக்கு மேலே நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அது சத்தியம். ஆனால் ஒரே ஒரு தடவை அவர் விழ வேண்டும் என்று நினைத்தேன். வீட்டு வாசலில், நாலு பேர் பார்க்க, அந்தக் கோடு பொய் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு தடவை. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று பன்னிரண்டு நாள் போனது. கிளாஸுக்குப் பாடான சாயங்காலங்களில் அவர் பக்கத்திலேயே படகின் மேல் உட்கார்ந்திருந்தேன். இறால் வறுவலும் எடுத்துத் தின்றேன்.

பதின்மூன்றாம் நாள் எங்கள் கூட்டத்துக்குப் பாடு. விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நீர் கடல் பக்கம் வடிகிற நேரம். வலையின் இந்த முனையில் நானும் அவரும் மார்பளவுத் தண்ணீரில் நின்றோம். மற்ற நாலு பேரும் அந்தக் கரையோரம் இருந்தார்கள். இழுவை பலமாக இருந்தது. வலையில் நல்ல இறால் விழுந்திருப்பது கயிற்றிலேயே தெரிந்தது. அவர் ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி என் பக்கம் திரும்பினார். கண் ஒரே இடத்தில் நின்றது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கயிறு அவர் கையை விட்டு நழுவியது. அப்படியே முகம் குப்புறத் தண்ணீருக்குள் போனார்.

விழுந்துட்டார், என்று என் மனசு சொன்னது. அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். ஆனால் இருந்தது. எனக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் வலையை விட்டுவிட்டுப் பாய்ந்தேன். தண்ணீருக்குள் அவர் கையும் காலும் வெட்டிக்கொண்டிருந்தன. தலைமுடியைப் பிடித்து இழுத்தேன், நழுவினார், மறுபடி பிடித்து முகத்தை வெளியே தூக்கிக்கொண்டு கத்தினேன். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் பக்கத்தில் நின்ற எங்கள் படகின் விளிம்பில் அவரைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வந்தது. மூச்சும் வந்தது. எங்கள் வலை அன்றைய இறாலோடு முகத்துவாரத்துப் பக்கம் போய்விட்டது. பாடு நாளில் வலை முனையை விட்டவன் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் டாக்டர் வந்து, மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டார். அண்ணி முந்திக்கொண்டு, ஒருநாள்கூட விட்டதில்லை என்றாள். அவர் தலையை ஆட்டினார். "இல்ல சார். பாடு மாத்தி வெச்சேன்" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. பாடு என்றால் என்ன என்று நான்தான் விளக்கினேன். டாக்டர் கோபப்படவில்லை.

"உங்க ஏரியில ஒருநாள் வலை போடலன்னா எறால் அங்கயேதான் இருக்கும்," என்றார். "மாத்திர அப்படி இல்லைங்க. போடாத நாள்ல ரத்தத்துல அது கொறஞ்சிடும். குடிச்சது மிச்சம் இருக்கற மாத்திரையோட சேந்துக்கும். ரெண்டுத்துக்கும் ஒரே நாள்ல எடம் குடுத்த மாதிரிதான்."

"அப்போ கிளாஸ வுட்டுடறேன் சார்," என்றார் அவர். கூட்டத்திலிருந்து ஒரு ஆளை நீக்குகிற மாதிரி, அவ்வளவுதான். கையில் அடித்துச் சத்தியம் செய்யவில்லை, சாமி பேரை இழுக்கவில்லை. அன்றோடு விட்டது விட்டதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் மனசுக்குள் மூன்று சாமிகளைக் கூப்பிட்டு, இனி தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அது ஒன்பது நாள் நின்றது.

குப்பத்துக்குத் திரும்பினால் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். கோயில் வாசலில், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் இருக்க, வலையைவிட உயிர் பெரிசு என்று காட்டிய ஆள் என்று பேசினார்கள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் வீட்டுக்காரி வேலிக்குப் பக்கத்தில் நின்று, இருபது வருஷத்தில் முதல் தடவையாக, எங்க வூட்டுக்காரரு இல்லன்னா மாமா இல்ல, என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். நான் ஆசைப்பட்டதெல்லாம் ஒரே நாளில் கிடைத்தது. துண்டை வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் பரணில் தூக்கிப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவர் மறுபடி "சகல, வா" என்று கூப்பிட்டார். அதே படகு, அதே நேரம், அதே கிளாஸ். கோடு வரைக்கும் வெறும் தண்ணீர். நான் உட்காரவில்லை.

"அண்ணே, மாத்திரய வுடக் கூடாதுன்னு எனக்கு முன்னயே தெரியும். மருந்துக்கடைம்மா சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "எப்போ?"

"கயிறு வாங்கப் போனேனே, அன்னிக்கு."

விரல் மடக்கி எண்ணினார். சீட்டு எடுக்கும்போது நாளை எண்ணுகிற மாதிரியே எண்ணினார்.

"பன்னெண்டு நாளு. அதுல ஆறு சாயங்காலம் என் பக்கத்துல குந்திகினு இருந்த."

"ஆமாண்ணே."

"இன்னாத்துக்கு சொல்லல?"

மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் தயாராக வந்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "பொறாமதான்ணே," என்றேன்.

அவர் முகம் சிவந்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னிக்கே வுட்டிருப்பேனே சகல. அதுல எனக்கு இன்னா கஷ்டம்?"

அவ்வளவுதான் கேட்டார். தண்ணீரை முக்கால் மணி நேரம் குடித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைத்தார். உள்ளே போகும்போது, "நாளைக்கும் வா," என்றார்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த ஐந்து வருஷமும் போனேன். அவர் மறுபடி தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் கிழிந்த வலையைப் பொத்தினார், பாடு பிரிக்கிற சீட்டைப் பார்த்துக்கொண்டார், காலையும் ராத்திரியும் மாத்திரை போட்டார். அந்தப் பன்னிரண்டு நாள் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. அண்ணியிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் எத்தனையோ வாய்ச்சண்டை வந்திருக்கிறது. அப்போதும் அது அவர் வாயில் வரவில்லை. கோபத்துக்கும் எங்கோ ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் மறுநாள் விடிவதற்குள் குப்பம் முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பேன். அவர்மேல் எனக்கு இருந்த பொறாமையிலேயே பெரிய பொறாமை இதுதான். இது இன்னும் தீரவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சலில் படுத்தார், போய்விட்டார். காரியம் முடிந்த அன்றைக்கு அண்ணி அந்தக் கிளாஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "ஒனக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. என் உசுரக் காப்பாத்தினவன்னு சொன்னாரு," என்றாள். அவர் அதை மனசாரச் சொன்னாரா, மீசை அசையச் சொன்னாரா என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரைக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு குடிப்பேன் என்று டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு சொட்டும் வேண்டாம் என்றார். விட்டேன், பிடித்தேன், மறுபடி விட்டிருக்கிறேன். ஐந்து மாதமாகிறது. மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் விட்டதில்லை. அவருடைய கிளாஸில்தான் தண்ணீர் எடுப்பேன், கோடு வரைக்கும். அவர் மகள் வந்தபோது கோட்டைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நேற்றுக் காலையில் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு கிளாஸைத் தூக்கினேன். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி சிரித்தாள்.

"பரவால்ல. நீயும் மாமா மாதிரியே ஆயிட்ட," என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இருபது வருஷம் வயிறெரிந்து கிடந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி அவளுக்கு இன்னும் தெரியாது. மாத்திரை நாக்கிலேயே கரைந்து கசந்தது.